வெள்ளம் வரும்போது மீட்புப் படகு மோட்டார் ஏன் ஸ்டார்ட் ஆகாமல் போகிறது? இ20 பெட்ரோலும் ஒன்பது மாத ஓய்வும் செய்யும் வேலை

கீழ்பென்னாத்தூரில் கடல் இல்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் இருக்கும் இந்தப் பேரூராட்சியைச் சுற்றி இருப்பது வயல், ஏரி, கிணறு, பாறைக் குன்று. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணம் வரை போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் படகு மோட்டாருக்குப் பெட்ரோல் ஏறுகிறதா, இல்லையா என்பது யாருக்குக் கவலை என்று கேட்கத் தோன்றும்.

2024 டிசம்பர் முதல் வாரம் அந்த எண்ணத்தை மாற்றியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கரை ஏறிய பிறகும் வேகமாக நகரவில்லை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஏற்பட்ட மண்சரிவில் 5 குழந்தைகள் உள்பட 7 பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரையோர ஊர்கள் மூழ்கின.

கடலை விட்டுத் தள்ளி இருக்கும் உள் மாவட்டங்களிலும் அந்த நாட்களில் ரப்பர் படகு தேவைப்பட்டது. அந்தப் படகின் பின்புறம் மாட்டப்படும் சின்ன பெட்ரோல் மோட்டார்தான் அவுட்போர்டு மோட்டார். கயிற்றை இழுத்ததும் அது ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் துடுப்பு போட்டுத்தான் போக வேண்டும். வெள்ளம் இழுக்கும் இடத்தில் துடுப்பு எடுபடாது.

மோட்டார் ஏன் ஸ்டார்ட் ஆகாமல் போகிறது? பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? இதே கோளாறு கீழ்பென்னாத்தூர் விவசாயியின் மருந்து தெளிக்கும் மெஷினிலும் ஏன் வருகிறது? சரிசெய்வது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

மீனவர் மோட்டாருக்கும் மீட்பு மோட்டாருக்கும் என்ன வித்தியாசம்?

2015 சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கியபோதும் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். வந்து இறங்கியதும் அந்த மோட்டார்கள் ஓடின. காரணம், அவை அதற்கு முந்தைய வாரமும் கடலில் ஓடிக்கொண்டிருந்தவை. டேங்கில் இருந்ததும் சில நாட்களுக்கு முன் வாங்கிய எரிபொருள்தான்.

உள் மாவட்டங்களில் இருக்கும் மீட்புப் படகின் நிலைமை வேறு. அது வருடத்தில் சில நாட்கள்தான் தண்ணீரில் இறங்கும். தெப்பத் திருவிழா பாதுகாப்பு, ஏரியில் யாராவது மூழ்கினால் தேடுதல், ஒத்திகை, அப்புறம் மழைக்காலம். மற்ற நாட்களில் மோட்டார் ஸ்டாண்டில் நிற்கும். அதன் உடலில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் கார்புரேட்டரில் மிச்சம் இருந்த பெட்ரோல் அப்படியே காய்ந்துபோயிருக்கும்.

சின்ன மோட்டார்களில் வரும் எரிபொருள் கோளாறுகளில் பெரும்பகுதி ஓடும்போது உண்டாவது இல்லை. சும்மா நிற்கும்போது உண்டாகிறது, ஸ்டார்ட் செய்யும் அன்றுதான் தெரியவருகிறது. மழைக்காலத் தயார்நிலை என்றால் உதிரி பாகம் வாங்கி வைப்பது என்று நினைக்கிறோம். ஆனால் எந்தத் தேதியில் மோட்டாரை ஓட்டினோம், எந்தத் தேதியில் பெட்ரோலை மாற்றினோம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்ரோல் கெட்டுப் போகுமா?

போகும். பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை. சீக்கிரம் ஆவியாகும் பகுதியும், மெதுவாக ஆவியாகும் பகுதியும் கலந்த கலவை. குளிர்ந்த இன்ஜின் முதல் இழுப்பிலேயே பற்றிக்கொள்வதற்கு உதவுவது சீக்கிரம் ஆவியாகும் பகுதி. மூடி சரியாக இறுக்காத கேனில் முதலில் போவதும் அதுதான். மிஞ்சும் பெட்ரோல் காற்றோடு வினைபுரிந்து நிறம் கருத்து, வார்னிஷ் போல வாடை அடிக்கத் தொடங்கும்.

கார்புரேட்டருக்குள் இன்னும் மோசம். அங்கே இருப்பது சில ஸ்பூன் பெட்ரோல்தான். அது சில வாரங்களில் வற்றி, அடியில் பிசின் மாதிரி படியும். இன்ஜினுக்குள் பெட்ரோலை அளந்து விடும் ‘ஜெட்’ என்ற சின்னப் பித்தளைத் துண்டின் துளை ஊசி முனை அளவுதான் இருக்கும். அந்தப் பிசின் அதை அடைக்கப் போதும்.

இ20 வந்த பிறகு என்ன மாறியது?

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2014-ல் சுமார் 1.5 சதவீதமாக இருந்தது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி 6-ம் தேதி பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வார நிகழ்ச்சியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை பிரதமர் மோடி அறிமுகப்படுத்தினார். 2030-க்கு வைத்திருந்த இலக்கு முன்னதாகவே கொண்டுவரப்பட்டு, 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் என்ற நிலை வந்துவிட்டது. இன்று கீழ்பென்னாத்தூர் பங்க்கில் கேனில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் சாதாரண பெட்ரோல் என்றால் இ20-தான்.

இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கார், பைக் மைலேஜைச் சுற்றியே நடக்கிறது. 2021 ஜூனில் வெளியான நிதி ஆயோக் குழுவின் அறிக்கை, பழைய வடிவமைப்பு கார்களில் 6 முதல் 7 சதவீதமும், டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையலாம் என்று கணித்தது. பாதிப்பு மிகைப்படுத்தப்படுகிறது, பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், அது குறைந்த செலவில் முடிகிற வேலை என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் அளித்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்குகளில் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ம் தேதி தள்ளுபடி செய்தது.

தினமும் ஓடும் வண்டிக்கு அமைச்சகத்தின் விளக்கம் பெரிய அளவில் பொருந்தலாம். ஆனால் கார்புரேட்டர் வைத்த, மாதக்கணக்கில் சும்மா நிற்கும் சின்ன மோட்டாரின் கதை வேறு. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தண்ணீர். எத்தனால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கலந்தே இருக்கும், இன்ஜினும் எரித்துவிடும். எல்லை தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். 10 சதவீத எத்தனால் கலவையில் இந்த எல்லை சாதாரண வெப்பநிலையில் சுமார் அரை சதவீதம். அதாவது 20 லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லி. இ20 அதைவிடக் கூடுதலாகத் தண்ணீரைத் தாங்கும். ஆனால் பிரிந்துவிட்டால் அடியில் இறங்கும் அளவும் அதிகம். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? அடியில்தான்.

இரண்டாவது, காற்று–பெட்ரோல் விகிதம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு சுமார் 14.7 பங்கு காற்று தேவை என்றால், இ20-க்கு 13.5 பங்குதான் தேவை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த புது வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்து பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவாகக் கலவை மெலிந்து, இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடும்.

மூன்றாவது, ரப்பர். பழைய ரப்பர் குழாய், வாஷர், பெட்ரோல் பம்ப்பின் மெல்லிய தகடு ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பலாம், அல்லது இறுகி வெடிக்கலாம். பழைய டேங்கில் படிந்த கசடை எத்தனால் கரைத்து எடுத்து வந்து ஃபில்டரில் சேர்க்கும்.

அமெரிக்காவில் 15 சதவீத எத்தனால் பெட்ரோலை 2001-க்குப் பிந்தைய கார்களுக்கு அனுமதித்த அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டி போன்ற சின்ன இன்ஜின்களுக்கு அதை அனுமதிக்கவில்லை. யமஹா, மெர்குரி போன்ற அவுட்போர்டு மோட்டார் நிறுவனங்களின் கையேடுகளிலும் பொதுவாக 10 சதவீத எத்தனால்தான் உச்ச வரம்பாகச் சொல்லப்பட்டிருக்கும். கையில் இருக்கும் மாடலுக்கு என்ன வரம்பு என்பதை அதன் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே சரி.

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு ஏன் ஆபத்து அதிகம்?

பழைய அவுட்போர்டு மோட்டார்களில் பல டூ ஸ்ட்ரோக். இவற்றுக்குத் தனியாக இன்ஜின் ஆயில் அறை கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு கொடுக்கிறது. பல மாடல்களில் விகிதம் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி.

தண்ணீர் சேர்ந்து எத்தனால் பிரிந்துவிட்டால் இந்த ஆயில் எங்கே போகும்? மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். அடியில் இருக்கும் எத்தனால்–தண்ணீரில் ஆயில் இருக்காது. மோட்டார் அதை உறிஞ்சினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காமல் இருமிக்கொண்டே ஓடினால் அது இன்னும் மோசம். ஆயில் இல்லாமல் பிஸ்டன் தேய்ந்து ‘சீஸ்’ ஆகிவிடும். அதற்கு அப்புறம் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதெல்லாம் பலிக்காது. இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மீனவர் மோட்டார்களில் இதற்கு ஒப்பான ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்குத் திரும்பும்போது நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிடுவார்கள். அடுத்த நாள் காலையில் கார்புரேட்டரில் இருப்பது மண்ணெண்ணெயாக இருந்தால் ஸ்டார்ட் ஆகாது என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். நாளைக்கு எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பது இன்று எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

மோட்டார் ஸ்டார்ட் ஆகலை: முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பதற்றத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் வழக்கமான தவறு. இருபது தடவை இழுத்தால் ஆளுக்கும் மூச்சு வாங்கும், இன்ஜினுக்குள்ளும் பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். அதற்குப் பதிலாக டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் போகும் வழியை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

1. கில் சுவிட்ச்: ஓட்டுபவரின் கையில் அல்லது லைஃப் ஜாக்கெட்டில் மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? அது இல்லாவிட்டால் பெட்ரோல் எவ்வளவு வந்தாலும் ஸ்பார்க் வராது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு: எடுத்துச் செல்லும் டேங்குகளின் மூடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். தூக்கிச் செல்லும்போது அதை மூடுவார்கள். ஓட்டும்போது திறக்க மறந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, பிறகு மெதுவாக இறங்கி நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்தத் திருகின் மேல்தான்.

3. ரப்பர் பல்பு: டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே குழாயில் இருக்கும் பல்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். பல்பை அமுக்க அமுக்கக் கெட்டியாக வேண்டும். கெட்டியே ஆகவில்லை என்றால் டேங்க் காலி, அல்லது இணைப்பில் காற்று புகுகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. ஓடும்போது பல்பு சப்பையாக உள்வாங்கினால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

4. பல்பை அமுக்கினால் மட்டும் ஓடுகிறதா? கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பெட்ரோல் பம்ப்பின் தகடு பலவீனமாகி இருக்கலாம், அல்லது குழாயில் எங்கேயோ காற்று ஏறுகிறது. அவசரத்தில் ஒருவர் பல்பை அமுக்கிக்கொண்டே வர, படகைக் கரை சேர்த்துவிட முடியும்.

5. ஃபில்டர்: கவருக்குள் இருக்கும் சின்ன ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறதா, பழுப்பு நிறக் கசடு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

6. ஸ்பார்க் பிளக்: கழற்றிப் பார்த்தால் இரண்டில் ஒன்று தெரியும. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. ஸ்பார்க் பலவீனம், அல்லது அளவுக்கு மேல் இழுத்து நிறைந்துவிட்டது, அல்லது வந்தது பெட்ரோல் இல்லை, தண்ணீர்.

ஓடுகிறது, ஆனால் சரியாக ஓடலை என்றால்?

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. பெரும்பாலும் ஜெட் பாதி அடைத்திருக்கும். மெதுவாக விட்டால் நின்றுவிடுகிறது, முறுக்கினால் ஓடுகிறது என்றால் ஐட்லிங்குக்கான சின்ன ஜெட்டில் அடைப்பு. இதற்கு நேர்மாறாக, மெதுவாக ஓடி, முறுக்கினால் மூச்சுத் திணறுகிறது என்றால் பெரிய ஜெட்டிலோ ஃபில்டரிலோ அடைப்பு.

பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, நிழலில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அந்தப் பெட்ரோலை மோட்டாருக்கு ஊற்றக் கூடாது. மேலே தெளிவாக இருப்பதை மட்டும் வடித்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். எத்தனால் பிரிந்த பிறகு மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் குறைந்திருக்கும்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும்போது கம்பி, ஊசி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையான உலோகம். துளை கொஞ்சம் பெரிதானாலும் அளவு தப்பிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் காற்று அடிப்பதும் போதும்.

சரிசெய்த பிறகு மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் முக்கியம். அவுட்போர்டு மோட்டார் வெளித் தண்ணீரை உறிஞ்சித்தான் குளிர்கிறது. வெறுமனே ஓட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் பம்ப் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கால் பகுதி மூழ்கும்படி வைத்து ஓட்டி, பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வயலில் இருக்கும் மெஷினுக்கும் இதே கதைதான்

கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் படகு மோட்டார் வைத்திருப்பவர்கள் இல்லாமல் இருக்கலாம். பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், களையெடுக்கும் பவர் வீடர், சின்ன பெட்ரோல் பம்ப்செட் வைத்திருப்பவர்கள் நிறைய. நெல்லுக்கும் மணிலாவுக்கும் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வேலை செய்துவிட்டு, மீதி நாட்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நிற்கும் மெஷின்கள் இவை.

இன்ஜின் வகை ஒன்றுதான். அதே கார்புரேட்டர், பல மெஷின்களில் அதே டூ ஸ்ட்ரோக் ஆயில் கலவை. போன பட்டத்துக்கு ஊற்றிய பெட்ரோல் அப்படியே இருக்க, இந்தப் பட்டத்துக்கு மருந்து அடிக்க எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கிடம் போனால் கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்துகொடுப்பார். ரெண்டு நாள் போய்விடும். பூச்சி அந்த ரெண்டு நாள் காத்திருக்காது. மேலே சொன்ன வரிசையும், கீழே சொல்லப்போகும் பழக்கமும் அந்த மெஷின்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சேமித்தால் கெடுகிறது, சேமிக்காவிட்டால் கிடைக்காது

இங்கேதான் மீட்புப் பணியின் உண்மையான சிக்கல் இருக்கிறது. வெள்ளம் வரும் அன்று பெட்ரோல் வாங்கிக்கொள்ளலாம் என்று விட முடியாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் இல்லாத பங்க்கில் பம்ப் ஓடாது. சாலை துண்டிக்கப்பட்டால் பங்க்குக்கே போக முடியாது. மழைத் தண்ணீர் பங்க்கின் நிலத்தடி டேங்குக்குள் புகுந்துவிட்டால், கிடைக்கும் பெட்ரோலும் நம்பத்தக்கது இல்லை. ஆகவே கையில் இருப்பு வேண்டும்.

ஆனால் இருப்பு வைத்த பெட்ரோல் கெடும். செப்டம்பரில் வாங்கி வைத்தது டிசம்பரில் தேவைப்படலாம். தேவையே வராமலும் போகலாம். அதைக் கொட்டினால் வீண் செலவு, கணக்கு எழுத வேண்டும். கொட்டாமல் வைத்தால் மோட்டார் கெடும்.

இதற்கு வழி, பெட்ரோலை இருப்பாக வைக்காமல் சுழற்சியில் வைப்பது. மாதம் ஒரு முறை புதுப் பெட்ரோல் வாங்கி டேங்கில் ஊற்றி, பழைய பெட்ரோலை டூவீலர்களுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. டூ ஸ்ட்ரோக் ஆயிலை முன்கூட்டியே கலந்து வைத்தால் அந்தப் பெட்ரோலை இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்கில் ஊற்ற முடியாது. அதனால் பெட்ரோலைத் தனியாகவும் ஆயிலை அளவுப் பாட்டிலில் தனியாகவும் வைத்து, படகு கிளம்பும்போது கலப்பதுதான் சுழற்சிக்கு ஒத்துவரும்.

வீடுகளில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்ட வரம்பும் உண்டு. பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் மொத்த அளவு 30 லிட்டர்தான். தண்ணீர் கேனில், குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் வைப்பது ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அறையின் தரையிலும் படகின் அடியிலும் தங்கி நிற்கும். அதனால் டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புவதே முறை.

மழைக்காலத்துக்கு முன் ஒரு அட்டவணை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அப்படியென்றால் வேலை செப்டம்பரிலேயே முடிந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில்: பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குவது. குழாய், பல்பு, வாஷர் ஆகியவற்றை வளைத்துப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுவது. ஃபில்டர் புதிது போடுவது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது. கூடுதலாக ஒரு பல்பு, இரண்டு ஸ்பார்க் பிளக், ஒரு ஃபில்டர் ஆகியவற்றைச் சின்னப் பெட்டியில் போட்டு படகோடு வைப்பது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டிரம்மிலோ ஏரியிலோ 10 முதல் 15 நிமிடம் ஓட்டுவது. மாதம் ஒரு முறை பெட்ரோலை மாற்றுவது. இரண்டையும் தேதியோடு பதிவேட்டில் எழுதுவது. தேதியை டேங்கின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

ஜனவரியில்: கார்புரேட்டர் மோட்டாராக இருந்தால் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் வைத்தபடியே மோட்டாரைத் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுவது. டேங்கைக் காலி செய்து காயவைப்பது. பெட்ரோல் கெடாமல் தாமதப்படுத்தும் ‘ஸ்டெபிலைசர்’ திரவம் கடைகளில் கிடைக்கிறது. அது புதுப் பெட்ரோலில் கலந்தால்தான் பயன். கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்காது, பிரிந்த தண்ணீரையும் திரும்பக் கலக்காது.

இந்த அட்டவணையில் பெரிய செலவு எதுவும் இல்லை. சில லிட்டர் பெட்ரோல், ஒரு ஃபில்டர், மாதத்தில் அரை நாள் வேலை.

புது மோட்டார் வாங்கினால் தீருமா?

ஓரளவுக்குத்தான். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் எளிதாக ஸ்டார்ட் ஆகும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். ஆனால் அவை கனமானவை. இரண்டு பேர் தூக்கிச் சென்று ரப்பர் படகில் மாட்ட வேண்டிய இடத்தில் எடை ஒரு பிரச்சினை. இன்ஜெக்டரின் துளை ஜெட்டைவிட நுண்ணியது. தண்ணீர் கலந்த பெட்ரோலை அதுவும் தாங்காது. கரையிலேயே பிரித்துச் சுத்தம் செய்யவும் முடியாது. எந்த மோட்டாராக இருந்தாலும் அதற்குள் போகும் பெட்ரோல் புதிதாகவும், தண்ணீர் இல்லாமலும் இருந்தாக வேண்டும்.

பொதுமக்கள் என்ன கேட்கலாம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை காரப்பாக்கத்தில் நடிகர்கள் விஷ்ணு விஷாலும் ஆமிர் கானும் தீயணைப்புத் துறையின் படகில் மீட்கப்பட்ட படங்கள் நாடு முழுக்கப் பரவின. அந்தப் படகு வரும் வரை வீட்டு மாடியில் காத்திருந்த மற்றவர்கள் படத்தில் இல்லை. மீட்புப் படகு எத்தனை இருக்கிறது என்பதை ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் மாவட்ட நிர்வாகங்கள் பட்டியலிடுகின்றன. அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அணிகள் எங்கெங்கே அனுப்பப்படும் என்பதும் செய்தியாகிறது.

அந்தப் பட்டியலில் இன்னொரு பத்தி சேர வேண்டும்: இந்த மோட்டார் கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது? டேங்கில் இருக்கும் பெட்ரோல் எந்தத் தேதியில் வாங்கியது? கிராம சபையிலும், மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டத்திலும் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பதில் ஒரு தேதிதான். அந்தத் தேதி போன மாதமாக இருந்தால் கவலை இல்லை. போன வருடமாக இருந்தால், படகு கணக்கில் இருக்கிறது, தண்ணீரில் இறங்குமா என்பது தெரியாது.